ஒரே பெயர், வேறு சரக்கு: கணினி விளையாட்டுச் சந்தை தரும் வியாபாரப் பாடம்

ஒரே கம்பனியின் பால்மா. ஒரே பெட்டி, ஒரே பெயர், ஒரே விலை. ஆனால் ஒரு மொத்த வியாபாரியிடம் எடுத்த பெட்டியில் காலாவதித் திகதிக்கு எட்டு மாதம் இருக்கும். இன்னொருவரிடம் எடுத்ததில் ஆறு வாரம்தான் இருக்கும். அனுபவமுள்ள கடைக்காரர் பெயரை மட்டும் பார்த்துச் சரக்கு எடுப்பதில்லை. பெட்டியைத் திருப்பி, அச்சிட்ட திகதியையும் தொகுதி எண்ணையும் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுப்பார்.

கையில் பிடித்துப் பார்க்க முடியாத சரக்கில் இந்தப் பழக்கத்தை நாம் மறந்துவிடுகிறோம். கணினிகளும் விளையாட்டு இயந்திரங்களும் விற்கும் கடைகள், வாடிக்கையாளருக்காக ஒன்லைனில் விளையாட்டுகளை வாங்கிக் கொடுப்பவர்கள், குறியீட்டு அட்டைகள் விற்பவர்கள் என்று நம்மவர்களில் பலர் இத்துறையில் இருக்கின்றனர். இத்துறையில் இல்லாத வியாபாரிகளும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இதில் இருப்பதால் இவ்வாரம் இந்த விடயத்தை எடுத்துக்கொள்வோம்.

ஒரு தந்தை கணினிக் கடைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சையில் நன்றாகச் செய்த மகனுக்கு அவன் கேட்ட விளையாட்டை வாங்கிக் கொடுக்க வேண்டும். சாச்சாவின் மகனிடம் அது ஏற்கனவே இருக்கிறது. இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து விளையாடத்தான் இந்த ஏற்பாடு. கடைக்காரர் எந்த ஒன்லைன் கடையில் மலிவு என்று பார்த்து அங்கே வாங்கிக் கொடுக்கிறார். மறுநாள் காலை அந்தத் தந்தை மீண்டும் வருகிறார். "இரண்டு பேரிடமும் ஒரே சாமான் இருக்கிறது. ஆனால் ஒருவரை ஒருவர் காண முடியவில்லையாம். நீங்கள் என்ன கள்ளச் சரக்கையா தந்தீர்கள்?"

சரக்கு கள்ளச் சரக்கு அல்ல. இணைய இணைப்பிலும் பிழையில்லை. வாங்கிய கடை வேறு என்பதே பிழை. ஆனால் பழி விழுந்தது கடைக்காரர் தலையில்.

சந்தையின் அமைப்பு

கணினி விளையாட்டுகளை விற்கும் மிகப் பெரிய ஒன்லைன் கடை ஸ்டீம். அமெரிக்காவின் வல்வ் கம்பனி 2003ஆம் ஆண்டு இதை ஆரம்பித்தது. போலந்து நாட்டின் சீ.டி. புரொஜெக்ட் 2008இல் ஜீ.ஓ.ஜீ. என்ற கடையைத் திறந்தது. பழைய விளையாட்டுகளைத் திருத்தி விற்பதற்காகத் தொடங்கப்பட்ட இக்கடையின் கொள்கை, பூட்டுப் போடாமல் விற்பது. அங்கே வாங்கியதை ஒரு கோப்பாக இறக்கி எடுத்து வைத்துக்கொண்டால், பின்னர் இணையம் இல்லாமலும் நிறுவிக்கொள்ளலாம். 2018 டிசம்பரில் எபிக் கேம்ஸ் கம்பனி தனது கடையைத் திறந்தது. மைக்ரோசொப்ட்டும் விண்டோஸுக்குள்ளேயே தனது கடையை வைத்திருக்கிறது.

இந்தக் கடைகள் வாழ்வது கொமிஷனில். ஸ்டீமின் வழக்கமான பங்கு 30 வீதம். விற்பனை ஒரு கோடி டொலரைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட தொகைக்கு 25 வீதம், ஐந்து கோடியைத் தாண்டினால் 20 வீதம் என்று 2018இல் அறிவித்தது. எபிக் 12 வீதத்தோடு களத்தில் இறங்கியது. 20 டொலர் விளையாட்டொன்றில் தயாரிப்பாளரின் கைக்கு 30 வீதக் கடையில் 14 டொலர் வரும். 12 வீதக் கடையில் 17 டொலர் 60 சதம் வரும். 2025 ஜூன் முதல், ஒரு விளையாட்டின் ஆண்டு வருமானத்தில் முதல் பத்து இலட்சம் டொலருக்குக் கொமிஷனே இல்லை என்றும் எபிக் விட்டுக்கொடுத்தது.

இப்படிப் போட்டி இருக்கும்போது தயாரிப்பாளர் எல்லாக் கடைகளிலும் சரக்கை வைக்க விரும்புவது இயல்பு. சிக்கல் ஆரம்பிப்பதும் அங்கேதான்.

பதிப்புகள் ஏன் வேறுபடுகின்றன?

முதற் காரணம், கடையின் கருவிகள். ஸ்டீம் விற்பதோடு நின்றுவிடவில்லை. நண்பர்களைச் சேர்ப்பது, ஒன்றாக விளையாட இடம் ஒதுக்குவது, விளையாடியதைச் சேமித்து வைப்பது போன்ற வேலைகளுக்கான கருவிகளைத் தயாரிப்பாளருக்கு இலவசமாகக் கொடுக்கிறது. சிறிய தயாரிப்பாளருக்கு இது பெரிய உதவி. ஆனால் அந்தக் கருவிகள் ஸ்டீம் கணக்கு உள்ளவருக்கே வேலை செய்யும். அதே விளையாட்டை வேறு கடைக்குக் கொண்டு போகும்போது அந்தப் பகுதியை மீண்டும் கட்ட வேண்டும், அல்லது வெட்டிவிட வேண்டும். கடையின் சாமான்களை வைத்து வீட்டுக்குச் சுவர் எழுப்பியவர், கடை மாறும்போது சுவரையும் இழக்கிறார்.

இரண்டாவது, வேலைப் பளு. ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாகக் கோப்புகளைத் தயாரித்து, சோதித்து, ஏற்ற வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து செய்த விளையாட்டு நான்கு கணினிக் கடைகளிலும் மூன்று விளையாட்டு இயந்திரங்களிலும் இருந்தால், ஒரு சிறு பிழையைத் திருத்தினாலும் அந்த வேலையை ஏழு தடவை செய்ய வேண்டும். அப்போது விற்பனை அதிகமுள்ள கடைக்கு முதலில் திருத்தம் போகும். சிறிய கடை காத்திருக்கும்.

மூன்றாவது, அனுமதி. ஸ்டீமில் தயாரிப்பாளர் திருத்தத்தைத் தானே வெளியிடலாம். பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ், நின்டெண்டோ போன்ற இயந்திரங்களில் அந்தக் கம்பனியின் பரிசோதனையில் தேறிய பின்னரே வெளியிடலாம். நான்காவது, கடையின் கொள்கை. பூட்டு வேண்டாம் என்னும் கடையில், எப்போதும் இணையத்தோடு இணைந்திருக்க வேண்டிய சரக்கை வைக்க முடியாது.

இந்த நான்கும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை நடந்த சம்பவங்களிலிருந்து பார்ப்போம்.

கூட்டம் இல்லாத சந்தை

2016 நவம்பரில் அக்டிவிஷன் கம்பனியின் "கோல் ஒஃப் டியூட்டி: இன்பினிட் வோர்ஃபெயார்" வெளியானது. ஸ்டீமிலும் விற்றார்கள், மைக்ரோசொப்ட்டின் விண்டோஸ் கடையிலும் விற்றார்கள். இரண்டும் ஓடுவது ஒரே விண்டோஸ் கணினியில்தான். ஆனால் விண்டோஸ் கடையில் வாங்கியவர் ஸ்டீமில் வாங்கியவரோடு சேர்ந்து விளையாட முடியாது. பெருங்கூட்டம் ஸ்டீமில் இருந்தது. மற்றப் பக்கத்தில் வாங்கியவர்களுக்கு ஆட்டத்துக்கு ஆள் சேர்ப்பதே கஷ்டமாகப் போனது செய்தியாயிற்று.

பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டில் சரக்கின் பாதி மதிப்பு, அதை வாங்கிய மற்றவர்களில்தான் இருக்கிறது. சந்தையில் கடை போட்டாலும் கூட்டம் வராத மூலையில் போட்டால் என்ன பயன்? இந்தப் பிழை பின்னர் திருத்தப்பட்டது. 2019இல் வந்த கோல் ஒஃப் டியூட்டியில் கம்பனி தனது சொந்தக் கணக்கு முறையைக் கொண்டுவந்து, கணினிக்காரரும் இரண்டு இயந்திரக்காரரும் ஒன்றாக விளையாட வழி செய்தது. 2022இல் எபிக்கும், ஸ்டீமில் வாங்கியவரையும் தன்னிடம் வாங்கியவரையும் இணைக்கும் கருவியைத் தயாரிப்பாளர்களுக்கு இலவசமாகத் தந்தது. ஆனால் அதைப் பயன்படுத்துவதா இல்லையா என்பது தயாரிப்பாளரின் விருப்பம். ஆகவே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

பாதிச் சரக்கு

பிரித்தானியாவின் ஹலோ கேம்ஸ் என்ற சிறு கம்பனியின் "நோ மேன்ஸ் ஸ்கை" 2016இல் வந்தது. 2018 ஜூலையில், பலர் சேர்ந்து விளையாடும் வசதியோடு மிகப் பெரிய அப்டேட் வெளியாகப் போவதாக விளம்பரம் செய்யப்பட்டது. வெளியாகும் நேரத்தில்தான் ஜீ.ஓ.ஜீ. கடையில் வாங்கியவர்களுக்கு அந்த வசதி இப்போதைக்கு இல்லை என்பது தெரியவந்தது. மற்றப் புதுமைகள் கிடைத்தன. எல்லோரும் காத்திருந்த அந்த ஒன்று மட்டும் பின்னரே வந்து சேர்ந்தது. மனக்குறை அடைந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர ஜீ.ஓ.ஜீ. முன்வந்தது.

வேலை தாமதமாவதை வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார். ஆனால் மாதக்கணக்கில் விளம்பரம் செய்துவிட்டு, கடைசி நேரத்தில் "உங்களுக்கு இல்லை" என்று சொன்னால் பொறுக்க மாட்டார். தாமதம் தெரிந்த அன்றே சொல்லியிருந்தால் பாதிக் கோபம் தணிந்திருக்கும்.

திருத்தத்துக்கும் விலை

கனடாவின் பொலிட்ரொன் என்ற சிறு கம்பனி 2012இல் "பெஸ்" என்ற விளையாட்டை எக்ஸ்பொக்ஸ் இயந்திரத்துக்கு வெளியிட்டது. அதில் இருந்த பிழைகளைத் திருத்த ஒரு அப்டேட் வந்தது. அந்த அப்டேட்டே சிலரின் சேமிப்புகளைப் பழுதாக்கியது. அதைத் திருத்தி மறுபடி பரிசோதனைக்கு அனுப்பப் பல பத்தாயிரம் டொலர் செலவாகும் என்று கம்பனி சொன்னது. பாதிக்கப்படுவோர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு என்று கணக்குப் பார்த்து, பழுதுள்ள அதே அப்டேட்டை மீண்டும் வெளியிட்டது. ஸ்டீமில் என்றால் செலவில்லாமல் இரண்டு வாரத்தில் திருத்தியிருப்போம் என்றும் வெளிப்படையாகக் கூறியது. 2013இல் மைக்ரோசொப்ட் அந்தக் கட்டணத்தை நீக்கியது. அதே ஆண்டு அவ்விளையாட்டு ஸ்டீமுக்கும் வந்தது.

இதில் யாரைக் குறை சொல்வது? பரிசோதனை செய்வது கடையின் உரிமை. பணமில்லாதது சிறு கம்பனியின் நிலை. ஆனால் அந்த நூற்றில் ஒருவராக இருந்த வாடிக்கையாளரும் மற்றவரைப் போலவே முழு விலையைக் கொடுத்தவர். நாமும் சில வேளை, "நூறு பேருக்கு விற்றேன், ஒருவர்தான் முறைப்பாடு செய்தார்" என்று சமாதானம் சொல்வதுண்டு. அந்த ஒருவருக்கு அது நூற்றில் ஒன்று அல்ல, அவர் வாங்கிய ஒரே ஒன்று.

கட்டணம் இல்லாத காலத்திலும் தாமதம் தொடர்கிறது. "ஸ்டார்டியூ வெலி" என்ற விவசாய விளையாட்டை ஒரே ஒருவர் உருவாக்கி 2016இல் வெளியிட்டார். அதன் 1.6 எனும் அப்டேட் கணினிக்கு 2024 மார்ச் 19ஆம் திகதி வந்தது. விளையாட்டு இயந்திரங்களுக்கும் கைத்தொலைபேசிக்கும் நவம்பர் 4ஆம் திகதிதான் வந்தது. அதற்கு முந்திய 1.5 கணினிக்கு 2020 டிசம்பரில் வந்தது. கைத்தொலைபேசிக்கு 2023 ஜனவரி வரை இரண்டு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்விளையாட்டுக்கு நல்ல பெயர் கெடவில்லை. முந்திக் கிடைத்தவரிடமும் பிந்திக் கிடைத்தவரிடமும் அப்டேட்டுக்கென்று காசு வாங்காததும் அதற்கு ஒரு காரணம்.

புதியது எப்போதும் நல்லதா?

அப்டேட் என்றால் நல்லது என்றே நாம் நினைக்கிறோம். 2024இல் நடந்தது வேறு. "ஃபோல்அவுட் 4" என்ற 2015ஆம் ஆண்டு விளையாட்டை வைத்து, பிரித்தானியாவைச் சேர்ந்த தொண்டர் குழுவொன்று "ஃபோல்அவுட்: லண்டன்" என்ற மிகப் பெரிய இலவச இணைப்பை வருடக்கணக்கில் உருவாக்கி, 2024 ஏப்ரல் 23ஆம் திகதி வெளியிட ஆயத்தமாக இருந்தது. ஆனால் ஃபோல்அவுட் 4இன் உரிமையாளரான பெதெஸ்டா கம்பனி ஏப்ரல் 25ஆம் திகதி புதிய அப்டேட்டை வெளியிடுவதாக அறிவித்தது. அந்த அப்டேட் வந்தால் குழுவின் வேலை ஓடாது. வெளியீடு தள்ளிப் போனது.

ஜூலை 25ஆம் திகதி அது ஜீ.ஓ.ஜீ. கடை மூலம் வெளிவந்தது. அக்கடையில் பழைய பதிப்புக்குத் திரும்புவது எளிது. ஸ்டீமில் வாங்கியவர்கள் பழைய பதிப்புக்கு இறங்க வேறொரு கருவியைப் பாவிக்க வேண்டியிருந்தது. எபிக் கடைப் பதிப்பில் ஓடாது என்று குழு முன்கூட்டியே சொல்லிவிட்டது. அப்டேட்டில் பின்தங்கும் கடை என்று பேசப்பட்ட ஜீ.ஓ.ஜீ., பழையதைப் பாதுகாத்து வைத்த காரணத்தால் அன்று முன்னுக்கு வந்தது.

அப்டேட் சரக்கைக் குறைப்பதும் உண்டு. 2008இல் வந்த "கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 4" விளையாட்டில் இருந்த பல பாடல்கள், பத்து வருட அனுமதி முடிந்ததால் 2018 ஏப்ரலில் அப்டேட் மூலம் நீக்கப்பட்டன. ஏற்கனவே காசு கொடுத்து வாங்கியவரின் கணினியிலிருந்தும் அவை போயின. 2020 ஜனவரியில் அவ்விளையாட்டு ஸ்டீமில் விற்பனைக்கே இல்லாமல் போயிற்று. அது மைக்ரோசொப்ட்டின் பழைய சேவை ஒன்றை நம்பியிருந்தது. அந்தச் சேவை கைவிடப்பட்டதால் புதிய குறியீடுகளைப் பெற முடியவில்லை. மார்ச் மாதம் அது திரும்பி வந்தபோது, பலர் சேர்ந்து விளையாடும் பகுதி அதில் இருக்கவில்லை. அடுத்தவரின் களஞ்சியத்தை நம்பிச் சரக்கு வைப்பவர், அந்தக் களஞ்சியம் மூடப்படும் நாளையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடையின் வாக்கு

2021 செப்டெம்பரில் ஜீ.ஓ.ஜீ. "ஹிட்மேன்" என்ற விளையாட்டை விற்பனைக்கு வைத்தது. தனியாக விளையாடும் விளையாட்டுத்தான். ஆனால் அதன் பல பகுதிகள் இணைய இணைப்பு இல்லாமல் வேலை செய்யாது. "பூட்டு இல்லை" என்ற வாக்கை நம்பி வந்த வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தனர். அடுத்த மாதமே கடை அதை அகற்றியது. கொஞ்சம் விலை குறைந்த கடை என்றோ பெரிய கடை என்றோ மக்கள் அங்கே போகவில்லை. ஒரு வாக்குக்காகப் போனார்கள். வாக்கு உடைந்தால் அந்தக் கடைக்கும் அடுத்த கடைக்கும் வித்தியாசம் இல்லை.

வாங்குவது உரிமையா, அனுமதியா?

இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு உண்மை இருக்கிறது. இக்கடைகளில் நாம் பெறுவது சரக்கின் உடைமை அல்ல, பாவிப்பதற்கான அனுமதி மட்டுமே. அந்த அனுமதி வாங்கிய கடையின் கணக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. ஸ்டீமுக்கான குறியீட்டை எபிக்கில் போட முடியாது. இதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றி, அது 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஸ்டீம் அதற்கு முன்னரே, 2024 ஒக்டோபரில், காசு செலுத்தும் பக்கத்தில் இந்த அறிவித்தலைப் போட்டுவிட்டது.

திருப்பிக் கொடுக்கும் விதிகளும் கடைக்குக் கடை வேறு. ஸ்டீமிலும் எபிக்கிலும் பொதுவாக 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும். ஜீ.ஓ.ஜீ. 2020இல் இதை 30 நாளாக்கி, விளையாடிப் பார்த்திருந்தாலும் கேட்கலாம் என்றது.

கடைக்காரர் செய்ய வேண்டியவை

இத்துறையில் இருப்பவர்கள் விற்பதற்கு முன் ஐந்து கேள்விகளைக் கேட்டால் போதும்.

1. யாரோடு விளையாடப் போகிறார்? அவர்கள் எந்தக் கடையில், எந்த இயந்திரத்துக்கு வாங்கியிருக்கிறார்கள்? சேர்ந்து விளையாடுவதற்கு வாங்குபவருக்கு மலிவான கடை நல்ல கடை அல்ல. நண்பர்கள் இருக்கும் கடையே நல்ல கடை.

2. இந்தக் கடையின் பதிப்பு எண் என்ன? மற்றக் கடையில் உள்ளது என்ன? இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் விற்பதற்கு முன்னரே சொல்லுங்கள்.

3. மொட் எனப்படும் இலவச இணைப்புகளைப் போடப் போகிறாரா? அப்படியானால் அந்த இணைப்பு எந்தக் கடையின் பதிப்பில், எந்த எண்ணில் ஓடும் என்று பாருங்கள்.

4. வீட்டில் இணைய இணைப்பு எப்படி? விட்டுவிட்டு வரும் இணைப்பு என்றால் பூட்டில்லாத பதிப்பே அவருக்குப் பொருந்தும்.

5. கணக்கு யாருடைய பெயரில்? கடைக்காரரின் கணக்கில் வாங்கிக் கொடுக்கக் கூடாது. வாடிக்கையாளரின் சொந்த மின்னஞ்சலில் கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லை அவரிடமே கொடுங்கள். பற்றுச்சீட்டில் கடையின் பெயர், பதிப்பு, வாங்கிய திகதி மூன்றையும் எழுதுங்கள்.

இந்த ஐந்துக்கும் ஐந்து நிமிடம் போதும். மறுநாள் காலை ஏமாற்றத்தோடு வரும் ஒரு தந்தைக்குப் பதில் சொல்ல அதைவிட அதிக நேரம் போகும். போன நம்பிக்கையைத் திரும்பப் பெற எத்தனை மாதம் போகும் என்று சொல்ல முடியாது.

மற்றைய வியாபாரிகளுக்கும் இதில் பங்குண்டு. இன்று பலர் கடையிலும் விற்கிறார்கள், தொலைபேசி மூலமும் விற்கிறார்கள், வெளியூர் முகவர் மூலமும் விற்கிறார்கள். மூன்று இடத்திலும் ஒரே பெயர்தான் போகிறது. தரமும் ஒன்றாகப் போகிறதா? நகரக் கடைக்குப் புதிய தொகுதியும் தூரத்து முகவருக்குப் பழைய தொகுதியும் போகின்றனவா? பிழையொன்றைக் கண்டு திருத்தினால் அது கடைசி முகவர் வரை போய்ச் சேர எத்தனை நாள் எடுக்கிறது? வேறுபாடு தவிர்க்க முடியாதது என்றால் அதைப் பெட்டியின் மேல் எழுதியிருக்கிறோமா?

வேறுபாடு இருப்பது குற்றமல்ல. உலகின் பெரிய கம்பனிகளாலும் அதை முற்றாக ஒழிக்க முடியவில்லை. வாங்குபவர் காசு கொடுப்பதற்கு முன் அதை அறிந்திருந்தாரா என்பதில்தான் வியாபாரியின் பெயர் தங்கியிருக்கிறது.